நலம் என்று சொன்ன நோயாளியும் மரகதம் மிஸ்ஸியும்

சனிக்கிழமை காலை, ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட் சந்தையில் நான் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், ரொட்டி வீசுகிற கையைத் துடைத்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார். பாய் கடையை விட்டு இறங்குவதே அபூர்வம்.

"தங்கச்சி, சேதி தெரியுமா? நம்ம மிஸ்ஸி தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம் மொளகாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவங்க அப்படியே உக்காந்துட்டாங்களாம். மாரடைப்புனு சொல்றாங்க."

"எந்த மிஸ்ஸி பாய்?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரித் தாதியர் எல்லாருமே மிஸ்ஸிதான். ஆனால் காதர் பாய்க்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்த மிஸ்ஸி ஒருவர்தான். அது தெரிந்தும் கேட்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். காசு கொடுத்து வாங்கிய முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மரகதம் மிஸ்ஸி இருந்திருந்தால், "செத்தவளுக்காக யாராவது காய்கறிய விடுவாங்களா, போய் எடுத்துக்கிட்டு வா" என்று விரட்டியிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரகதம் மிஸ்ஸி ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அம்மா தோட்டத்தில் தேங்காய் உரித்துப் படிக்க வைத்தார். குட்டையான உருவம், விடுவிடு என்ற நடை, வார்டின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் தூங்குகிற நோயாளி விழித்துக்கொள்கிற குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "டூட்டி இல்லாத நாளாப் பாத்து வரச் சொன்னேன், மாப்பிள்ளை வரல" என்பார். கருவாடு என்றால் உயிர். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஹோண்டா மோட்டார் சைக்கிளின் கூடையில் ஒரு பொட்டலம் இருக்கும். அவர் வரும் தெருவை மூக்கே சொல்லிவிடும்.

எழுபதுகளின் நடுவில் நான் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயது. மகனுக்கு ஆறு, மகளுக்கு மூன்று. என் கணவர் மாணிக்கம் தோட்டத்துப் பால் லோரி ஓட்டினார். ஒருநாள் கழுத்தின் இடப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் காசநோய்க் கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் விழுங்கினேன். கட்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை, பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. அப்போதுதான் ஈப்போவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பெண்கள் வார்டில் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸி வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, ஈப்போல பனி கொட்டுதா?"

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அன்று மதியமே ஆஸ்பத்திரி மீன் குழம்பைப் பார்த்து, "பாவம், இந்த மீன் என்ன நோய்ல செத்துச்சோ" என்று சொல்லிவிட்டு, மருந்துத் தட்டில் துணியால் மூடிய ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கருவாட்டுச் சம்பல். தலைமைத் தாதி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து என்ன வாடை என்று கேட்க, "புது மருந்துங்க மேட்ரன்" என்றார். கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய அந்த வாரத்தில், புது மருந்தை நானும் பக்கத்துக் கட்டில்காரியும் தினமும் இரண்டு வேளை உட்கொண்டோம்.

அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பெரிய நோய் வந்தால் புருஷனிடம் சொல்வார்கள், அவளிடம் சொல்லமாட்டார்கள். மாணிக்கத்தை நடைபாதைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். பேயறைந்த மாதிரி திரும்பி வந்தவர், "ஒன்னும் இல்ல, சளிக்கட்டியாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சளிக்கட்டிக்கு யாராவது அழுவார்களா?

மரகதம் மிஸ்ஸிக்கு இந்த வழக்கம் அறவே பிடிக்காது. கெட்ட சேதி சொல்ல வேண்டுமென்றால் அவர் நகம்வெட்டியை எடுப்பார். கை இன்னொருவர் கையில் இருக்கும்போது யாரும் எழுந்து ஓட முடியாது, சொல்கிறவரும் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இது அவர் கண்டுபிடித்த முறை. வார்டில் அவர் நகம்வெட்டியோடு நடந்தால் எல்லாரும் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்கள்.

"கையக் குடு பாக்கியம்."

கட்டைவிரலை வெட்டும்போது, "இது புற்றுநோய், ஆனா கொஞ்சம் நல்ல சாதிப் புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படும்" என்றார். ஆள்காட்டி விரலுக்கு, "நெஞ்சுக்குள்ளயும் எறங்கியிருக்கு, எக்ஸ்ரேல தெரியுது." நடுவிரலுக்கு, "கோலாலம்பூர் போகணும், ஊசி, கதிரு, ஆறேழு மாசம் ஆகும்." மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு, "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் ஆகாமல் வெளியே சொல்லக்கூடாது என்று நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, மாணிக்கத்திடம்கூட. ரெண்டரை மாசம் என்றேன். நகம்வெட்டி நின்றுவிட்டது. சுண்டு விரலை அன்று அவர் வெட்டவேயில்லை.

சங்கடம் இதுதான். வயிற்றில் கருவோடு வருகிறவளுக்குக் கதிரும் வைக்கமாட்டோம், ஊசியும் போடமாட்டோம், கருவை முடித்துவிட்டு அனுப்புங்கள் என்று கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. இங்கே பிரசவ வார்டின் பெரிய டாக்டரோ, சட்டம் இடம் கொடுக்காது என்றார். தாயின் உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றால்தான் கருவைக் கலைக்கலாம், இல்லாவிட்டால் டாக்டருக்கே சிறை. இவள் உயிருக்கு இப்போது ஆபத்தா? இப்போது இல்லை, மருந்து கொடுக்காவிட்டால் வரும். அப்படியானால் வரட்டும், பார்க்கலாம். பிள்ளை பிறக்கும் வரை பொறுத்தால் என்ன? பொறுக்கலாம், ஆனால் அப்போது மருந்து கேட்குமா என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கத்தாரும் நல்லவர்கள்தான். யார் முதலில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்பதுதான் கேள்வி.

"கெணத்துல விழுந்தவளப் பாத்து, மூச்சு நிக்கட்டும் தூக்குறோம்னு சொல்ற கதையா இருக்கு" என்றார் மிஸ்ஸி.

நான் அந்தப் பிள்ளையை விரும்பினேன். இதை ஒளித்து எழுத எனக்கு மனம் இல்லை. பையன் என்றால் என்ன பெயர், பெண் என்றால் என்ன பெயர் என்றுகூட வைத்திருந்தேன். மூன்று நாள் அழுதேன். கண்ணை மூடினால் வீட்டிலிருக்கும் இரண்டும் யாரையோ அம்மா என்று கூப்பிடுகிற மாதிரி தோன்றும். நான்காம் நாள் மிஸ்ஸியிடம், "நான் பொழைக்கணும் மிஸ்ஸி" என்றேன். அவர் நல்ல முடிவு என்றும் சொல்லவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை.

"சரி. நாளைக்குப் பெரிய டாக்டர் ஒன்னப் பாக்க வருவாரு. எனக்கு நாளைக்கு லீவு. கேக்குறதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்" என்றார்.

போதும் என்று அவர் நினைத்ததுதான் தப்பு. பெரிய டாக்டர் வருகிறார் என்றதும் நான் விடிவதற்கு முன்பே குளித்தேன். தீபாவளிச் சேலையைக் கட்டினேன். பவுடர் பூசி, பொட்டு வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத் தமிழர், கழுத்துப்பட்டி கட்டியவர், மரியாதையான மனிதர்.

"எப்பிடி இருக்கிறியள்?"

"நல்லா இருக்கேங்க தொரை."

"மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"இரவில நித்திரை வருதா?"

"படுத்தா விடிஞ்சிரும்ங்க."

"சாப்பாடு?"

"ரெண்டு தட்டு சாப்பிடுறேங்க."

இவ்வளவும் பொய். ஒரு மாதமாகப் படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினேன். வியர்வையில் ரவிக்கை பிழியலாம் போல நனையும். ஏன் பொய் சொன்னேன் என்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்போம். வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு முகத்தைப் பார்ப்பார். சுகமில்லை என்றால் அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அதனால் காய்ச்சல் அடித்தாலும் கால் வீங்கினாலும், சட்டை போட்ட யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எங்கள் வாய் தானாகவே நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடும். டாக்டர் எழுதிக்கொண்டு போனதும் பரீட்சையில் தேறிய சந்தோஷம் எனக்கு. பக்கத்துக் கட்டில்காரிகூட, "நல்லா பேசுனீங்க அக்கா" என்று பாராட்டினாள்.

மறுநாள் மிஸ்ஸி என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தார். நோயாளி நலமாக இருக்கிறார், உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எனக்கும் சொன்னார்.

"என்னத்தடி சொல்லித் தொலைச்ச?"

கேள்வி கேள்வியாக ஒப்பித்தேன். ரெண்டு தட்டு வரைக்கும் வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அடிப் பாவி. ஒரு நாள் பேருக்குச் சொல்ற பொய்யச் சொல்லி முழு ஆயுசையும் எழுதிக் குடுத்திட்டியே."

அன்று மதியம் அவர் டாக்டரை எப்படியோ மறுபடியும் என் கட்டிலுக்கு அழைத்து வந்துவிட்டார். டாக்டருக்கு வர விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மிஸ்ஸி வேண்டுமென்றே, எனக்கும் கேட்கட்டும் என்று தமிழில் பேசினார்.

"டாக்டர், இவங்க பெரட்டுல நிக்கிறவங்க. சொகமில்லைன்னு சொன்னா அன்னைக்குப் பொழப்பு போயிரும். எங்கம்மா காய்ச்சலோட நின்னுக்கிட்டு நல்லா இருக்கேன்னு சொன்னத நான் அவங்க சேலையப் புடிச்சிக்கிட்டு நின்னு கேட்டிருக்கேன். நேத்து இந்தப் பொண்ணு ஒங்களுக்குப் பதில் சொல்லல. மண்டோருக்குச் சொல்லியிருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர்தான், ஆனால் பெரட்டுத் தமிழ் அவருக்குப் புதிது.

"இன்னொரு தடவ கேளுங்க டாக்டர். ஆனா மொதல்ல, பேர வெட்டமாட்டேன்னு சொல்லுங்க. அப்பதான் வாய் தொறக்கும்."

அவ்வளவு பெரிய டாக்டர், கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து முழு மரியாதையோடு, "பாக்கியம், உங்கட பேரை நான் வெட்டமாட்டன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரி போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததுதான் தாமதம், இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி மூச்சு திரும்பவில்லை. டாக்டர் என்னை மல்லாத்திப் படுக்க வைத்தார். இரண்டு நிமிடம்கூடப் படுக்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருப்பது, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது மூன்று மரத்துக்கு ஒரு தடவை உட்காருவது, முகம் காலையில் வீங்கியிருப்பது. ஒரு மணி நேரம் நானே பேசினேன் என்று மிஸ்ஸி பின்னால் கேலி செய்வார். டாக்டர் முந்திய நாள் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் ஒரு சேதியும் இல்லை. மூன்றாம் நாள், உயிரைக் காப்பாற்ற இது அவசியம் என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்து இன்னொரு டாக்டரும் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் எழுதப் போவதில்லை. முடிந்து வார்டுக்குத் திரும்பியபோது நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டு வாங்கியவளுக்கு அழ என்ன உரிமை என்று ஒரு நினைப்பு. மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டு, "அழு. இதுக்கு அழாம வேற எதுக்கு அழப் போற" என்றார். நாங்கள் இருவருமே அழுதோம்.

கோலாலம்பூரில் ஏழு மாதம். மிஸ்ஸி லீவு நாளில் பஸ் ஏறி வந்து பார்ப்பார். என் தலைமுடி கொட்டிப்போனதைப் பார்த்து, "பத்துமலை முருகனுக்கு மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன்னு சொல்லிரு, புண்ணியமாவது மிஞ்சும்" என்றார். சொன்னேன். தோட்டத்துக்குத் திரும்பியபோது என் பக்தியைப் பார்த்துப் பல பேர் மெச்சினார்கள்.

தோட்டம் கைமாறிய பிறகு நாங்கள் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்தோம். நான் துணி தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இரண்டு தெரு தள்ளி மிஸ்ஸியின் வீடு. சந்தையில் கண்டால் வணக்கத்துக்கு முன்னால் என் கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். சுற்றிலும் ஆள் இருக்கிறது என்ற கூச்சம் அவருக்குக் கிடையாது. நாங்கள் சண்டையும் போட்டிருக்கிறோம். என் மீன் குழம்பில் புளி அதிகம் என்று அவர் சொல்லப் போய், ஒரு முறை பதினேழு நாள் பேசாமல் இருந்தோம்.

ஒரே ஒரு தடவை, காதர் பாய் கடையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது, எனக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவளும் தோட்டத்துக்காரிதான், அவளுக்கும் இதே நோய், இதே நிலை. பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பிறந்தது. நாற்பதாம் நாள் தாய் போய்விட்டாள்.

"நான் அப்ப வாயத் தொறக்கல பாக்கியம். டெம்பரேச்சர் எழுதிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

போன மாதம் அந்தச் சட்டத்தைத் தளர்த்தப் போகிறார்கள், தாயின் உயிர் மட்டுமல்லாமல் உடல்நலம், மனநலம் என்பதையும் சேர்க்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருந்தது. வெட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். மிஸ்ஸி மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பதினாலு வருசம் லேட்டுலா. பரவால்ல, நம்ம ஊரு பஸ்ஸும் அப்படித்தானே வருது" என்றார். ஆனால் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து ஒருத்தி, சித்தியவானிலிருந்து ஒருத்தி. அழுதுகொண்டே வந்தவர்கள், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நகம்வெட்டிக் கதையும் கருவாட்டுக் கதையும் பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாவு வீட்டில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று மிஸ்ஸியின் தம்பி மனைவி முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரும் ஒரு கதை சொன்னார்.

அப்போது கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். கழுத்துப்பட்டி இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைத் தெரிந்துகொண்டார்.

"பாக்கியம் தானே? உங்கட பேரை நான் மறக்கேல்லை."

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மிஸ்ஸி இல்லாவிட்டால் அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க மாட்டேன் என்றேன். டாக்டர் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்கள் வாய் திறந்த பிறகும் நான் கையெழுத்துப் போடேல்லை, அது தெரியுமோ? எனக்குப் பயம். ரெண்டு நாள் கோப்பை மூடி வைச்சிருந்தன். மூண்டாம் நாள் திறந்தால் உள்ளுக்கு ஒரு தாள். மிஸ்ஸி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைச்சிருந்தா. இந்தப் பெண் சாகாமல் இருக்க வேணுமெண்டால் கருவை எடுக்க வேணும், டாக்டரை வற்புறுத்தினது நான், பொலிஸ் வந்தால் முதலில என்னை விசாரிக்கட்டும் எண்டு. அதை வாசிச்சு எனக்குப் பயம் போகேல்லை. வெட்கம்தான் வந்தது."

"அந்தத் தாள் எங்கங்க?"

"அண்டைக்கே கிழிச்சுப் போட்டன். ஆரும் பார்த்திருந்தால் அவாவின்ர வேலை போயிருக்கும்."

பதினான்கு வருடம். வாரத்தில் மூன்று நாள் பார்த்துக்கொள்கிற இரண்டு பெண்கள். அந்தச் சம்பளத்தில்தான் அவர் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டார்கள். அவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அன்று காலை என் கட்டிலுக்கு வந்து, இட்லி கல்லு மாதிரி இருக்கு, எறிஞ்சா ஆள் செத்துருவான் என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

உடலை எடுக்கும் நேரம் வந்தது. தோள் கொடுத்த நாலு பேரில் என் மகனும் ஒருவன். இருபது வயது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவன் குனிவதற்கு முன்னால், "ஏம்மா, மிஸ்ஸி ஒங்ககிட்டக்கூட இதச் சொல்லல?" என்று கேட்டான்.

"சொல்லியிருந்தா நான் தெனமும் நன்றி சொல்லியே அவங்கள ஓட ஓட வெரட்டியிருப்பேன்லா. அவங்களுக்கு அது புடிக்காது" என்றேன்.

மிஸ்ஸி, உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் இப்போது பத்திரிகையில், ஊரறிய நன்றி சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் வந்து திட்டுங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.